எதிர் ஷிப்ட்காரர்

தம்பி, இந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜின் மேல் வைத்து, ஏசிக் காற்றில் பறக்காமல் இருக்க ஊறுகாய் பாட்டிலைத் தூக்கி வைத்திருக்கிறேன். எங்களை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் பசியோடு வந்து நீ முதலில் திறக்கப்போவது அந்தக் கதவைத்தான். நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். எப்போது சொல்வது? மூன்று வாரமாக உனக்கு ஷட்டவுன் டூட்டி. விடியும்முன் போகிறாய், இருட்டியபின் வருகிறாய், சோற்றில் கை வைத்தபடியே தூங்கி வழிகிறாய். உன் அப்பா காதில் விழும்படி பேசக்கூடிய விஷயமும் இல்லை இது. கல்யாண வேலைக்காக நாங்கள் முன்னால் போகிறோம். நீ தாலி கட்டுவதற்கு நாலு நாள் முன்னால்தான் வந்து இறங்குவாய், அங்கே மாப்பிள்ளையைத் தனியாகப் பிடிக்க யாரால் முடியும். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படி.

போன வெள்ளிக்கிழமை காலை நீ பல் தேய்த்துவிட்டு வந்தபின் பாத்ரூம் பேசினைக் கழுவப் போனேன். நுரை வடிந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இருந்தது. வந்து கேட்டேன். "லேசா ஈறுல ரத்தம்மா. வலியெல்லாம் இல்ல. ஷட்டவுன் முடியட்டும், எப்படியும் ஊருக்குத்தானே போறோம், அங்க காட்டிக்கறேன்" என்றாய். குனிந்து சேஃப்டி ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாய். இதே வார்த்தைகளை, இதே குரலில், இதே மாதிரி குனிந்து ஷூ மாட்டிக்கொண்டு இன்னொருவர் இந்த ருவைஸில் சொல்லி இருபது வருஷம் கேட்டிருக்கிறேன். நீ நிமிர்ந்தாய். உன் முகம் இருந்தது. அது ஏன் உன் முகமாக இருக்கிறது என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது அபுதாபியின் இந்த மூலையில் மணலும் எண்ணெய் ரிஃபைனரியும் கம்பெனி குடியிருப்பும் தவிர ஒன்றும் கிடையாது. வந்த முதல் வாரமே உன் அப்பாவின் தலையணை உறையில் மிளகளவு கறைகளைப் பார்த்தேன். துவைத்துப் போட்டால் மறுபடியும் வரும். ஆப்பிளைக் கடித்தால் கடித்த இடம் சிவந்திருக்கும். பயந்துபோய்க் கேட்டேன். "சின்னக் கசிவும்மா. டேக் கட்டியாச்சு. ஷட்டவுன்ல எடுத்துடலாம்" என்று சிரித்தார். ஷட்டவுன் என்று அவர் சொன்னது ஊருக்குப் போகிற லீவை. இந்த வழக்கத்தை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை, அவர் பார்த்த அதே ஆபரேட்டர் வேலையைத்தான் நீயும் பார்க்கிறாய். குழாயில் எங்காவது சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், உடனே ஆபத்தில்லை என்று தெரிந்தால், அதில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். மொத்த பிளாண்ட்டையும் நிறுத்துகிற ஷட்டவுனில் எல்லா அட்டையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது. இரும்புக்கு அது சரிதான். உன் அப்பா தன் வாய்க்கும் அதையே செய்தார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் குடியிருப்பில் எல்லாரும் அப்படித்தான். கம்பெனி இன்ஷூரன்ஸில் பல் வராது. அதனால் சொத்தைப் பல், ஆடுகிற பல், வீங்கின ஈறு எல்லாவற்றையும் சோப்பு, பால் பவுடர் மாதிரி வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து ஊருக்குக் கொண்டுபோவோம். ஊரில் என்ன நடக்கும்? ஒரு லீவு வீடு கட்டுவதில் போனது. ஒரு லீவு உன் அத்தை கல்யாணத்தில். ஒரு லீவு உனக்கு மொட்டை போட்டுக் காது குத்தியதில். கடைசி நாள், பெட்டியெல்லாம் கட்டியபின், பஸ் ஸ்டாண்டு எதிரில் இருக்கும் பல் டாக்டரிடம் அவசரமாகப் போவார். "இது ஒரே நாள்ல ஆகுற வேலை இல்ல சார், நாலஞ்சு தடவை வரணும்" என்பார் டாக்டர். "நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு டாக்டர்" என்பார் இவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். ஒரு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவார். நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன்.

பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. ஒரு நாள் வாஷிங் மெஷினில் டக் டக்கென்று சத்தம். சட்டைப் பையில் ஏதோ காசு கிடக்கிறது என்று நினைத்துத் திறந்து துழாவினேன். வேரோடு ஒரு பல். டூட்டியில் விழுந்திருக்கிறது, டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டவர் அதையும் மறந்துவிட்டார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க. இனிமேலாவது என்னை எதிர்த்துப் பேசாம இருங்க" என்று கேலி செய்தேன். அவரும் பொக்கை தெரியச் சிரித்தார். அந்தப் பழமொழியை இப்போது யாராவது சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது அப்பா உனக்கு ஒன்று சொல்லிக் கொடுப்பார், நினைவிருக்கிறதா? அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற கேஸ் பற்றி. "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்லடா. திடீர்னு நாத்தமே இல்லன்னா கேஸ் போயிடுச்சுன்னு நினைச்சிடாத. உன் மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அப்ப ஓடணும்." அவர் வாய் நாற்றத்துக்கு ஆரம்பத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், கிராம்பு கொடுப்பேன், சண்டை போடுவேன். எந்த வருஷத்தில் என்று தெரியாது, எனக்கு அந்த நாற்றம் தெரியாமல் போனது. சரியாகிவிட்டது போல என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் அவர் பெயர்களை விட ஆரம்பித்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர், அப்புறம் சாமான்களின் பெயர். உப்பைக் கேட்க வந்தவர் "அது, அந்த வெள்ளை" என்று நின்றார். வயசாகிறது என்று அதற்கும் ஒரு அட்டை கட்டினோம்.

ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் அவரோடு வேலை செய்கிறவர்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். டூட்டி பஸ் வந்து நின்றிருக்கிறது. ஏறாமல், "இது என் பஸ் இல்ல, நீங்க போங்க பாய்" என்று கையசைத்து அனுப்பியிருக்கிறார். அடுத்த பஸ்ஸையும் அனுப்பியிருக்கிறார். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில், வெறும் ரோட்டில், நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். யாருக்குக் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "எனக்குப் பதிலா ஒருத்தர் வருவார்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. அபுதாபி டாக்டர் படமெடுத்துப் பார்த்து, மூளை சுருங்க ஆரம்பித்திருக்கிறது, டிமென்ஷியா என்றார். அதன்பின் அவர் வேலையை விட்டதும், நீ இங்கேயே வேலைக்குச் சேர்ந்து எங்கள் இருவரையும் உன் விசாவில் வைத்துக்கொண்டதும் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது நீ டூட்டிக்குப் போனபின் இந்த வீட்டில் நடப்பது.

முதல் தடவை அது ஒரு பகல் பதினோரு மணிக்கு நடந்தது. திரையெல்லாம் இழுத்துவிட்டு, ஏசி இரைந்துகொண்டிருந்தது. பாத்ரூமிலிருந்து அப்பா மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாதே என்று சாத்துவது மாதிரி சாத்தினார். "ஏம்மா, சத்தம் போடாத. உள்ள ஆள் இருக்காரு" என்றார். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பேசினுக்கு மேலே கண்ணாடி மட்டும் இருந்தது. அதில் நான் கரண்டியோடு நின்றேன். "யாருங்க?" என்று கேட்டேன். "எதிர் ஷிப்ட் ஆளு. பாவம், வயசானவரு. டூட்டி முடிஞ்சு வந்திருப்பாரு" என்றார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பேச்சிலர் ரூமில் அப்படித்தானாம். ஒரே கட்டில், இரண்டு பேர். ஒருவர் டூட்டிக்குப் போனால் மற்றவர் வந்து படுப்பார். முகத்தைச் சரியாகப் பார்த்தது கூடக் கிடையாது, ஈரத் துண்டையும் கட்டிலின் சூட்டையும் வைத்துத்தான் ஆள் இருப்பது தெரியும். அந்தக் காலம் அவருக்குள் அப்படியே இருந்தது. கண்ணாடியில் தெரிந்த கிழவரை அதில் கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டார்.

பயப்பட்டிருந்தால் கூட எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவர் மரியாதை செய்தார், தம்பி. பதினொரு மணி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்ப் பேசின் ஓரத்தில் வைப்பார். தன் பிரஷ்ஷை நனைத்து, பேஸ்ட் வைத்து, கண்ணாடியைப் பார்த்து நீட்டிப் படுக்கவைப்பார். உன் ஷேவிங் சாமானைத் தள்ளி வைத்து அவருக்கு இடம் பண்ணுவார். உன் பிளேடு தினமும் எங்கே போகிறது என்று நீ கத்துவாயே, அதுதான் காரணம். ஒரு நாள் டம்ளரை எடுக்கப் போனேன். காலியாக இருந்தது. அப்பா ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து அவரே குடித்திருப்பார், வேறு யார் குடிக்கப்போகிறார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியைப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். அன்றிலிருந்து அவர் கேட்டால் நானும் பொய் சொல்ல ஆரம்பித்தேன். "அவர் டூட்டிக்குப் போயிட்டாரு." "அவருக்கு இன்னிக்கு ஆஃப்." சொல்லச் சொல்ல எனக்கே ஒரு ஆள் இருப்பது போல் ஆகிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் சோறு மிச்சம் வைக்கலாமா என்று ஒரு நாள் யோசித்து நின்றேன்.

அப்புறம்தான் அது வந்தது. "ஏம்மா, அவருக்கு வாயெல்லாம் ரத்தம். சொல்லிக்க மாட்டேங்கிறாரு. யாராச்சும் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார் அப்பா. ஒருநாள் விடாமல் சொன்னார், கண் கலங்கிச் சொன்னார். தன் வாயை ஒரு நாளும் பெரிதாக நினைக்காதவர். பொய்யோடு பொய்யாக நான் சொன்னேன், "அவரு தனியா வர பயப்படுறாரு. நீங்க துணைக்கு வாங்க." உடனே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மார்க்கெட் பக்கத்து கிளினிக்கில் நாகர்கோவில்காரப் பெண் டாக்டர். அப்பாவை நாற்காலியில் சாய்த்து, கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்து வாயைக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் பார்த்ததும் நிம்மதியாக, "ஆங், இவருதான். இவருக்குத்தான் பாருங்க" என்றார். டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணாடியில் இருந்தவரிடம், "வாயைத் திறங்க ஐயா, வலிக்காம பார்க்கறேன்" என்றார். இருந்த பற்கள் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. எடுக்க எடுக்க அப்பா அந்தக் கண்ணாடிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். "அவ்ளோதான், கலாஸ், முடிஞ்சுது."

வெளியே வந்தபின் டாக்டரிடம் நான் நேராகவே கேட்டேன், இந்த வாயால்தான் அந்த மறதியா என்று. மழுப்பவில்லை அந்தப் பெண். "அம்மா, ஈறுல வருஷக்கணக்கா புண் இருந்தா, அந்தக் கிருமியும் வீக்கமும் ரத்தத்தோட போய் மூளையைத் தொந்தரவு பண்ணுமான்னு சில பேர் ஆராய்ச்சி பண்றாங்க. சம்பந்தம் இருக்கலாம்னு சந்தேகம். உறுதியா இன்னும் யாரும் சொல்லல. இதையே தலைகீழாவும் யோசிங்க, மறதி வந்தவங்க பல்லை ஒழுங்கா தேய்க்க மாட்டாங்க, அதனாலயும் ஈறு கெடும். எது முதல்ல வந்துச்சுன்னு உங்க வீட்டுல யாரும் சொல்ல முடியாது. இந்த மறதிக்கு வேற எத்தனையோ காரணம் இருக்கு." ஆகவே தம்பி, பல்லால்தான் உன் அப்பா இப்படி ஆனார் என்று நான் உன்னிடம் சத்தியம் செய்யவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்கிற புத்தி எனக்கில்லை. ஆனால் கிளினிக்கிலிருந்து நடந்து வரும்போது நான் இத்தனை வருஷத் தலையணை உறைகளையும் நினைத்தேன். அந்தக் கசிவு எந்தப் பக்கம் போனது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதன்பின் கண்ணாடியில் துணி போட்டு மூடினேன். எதிர் ஷிப்ட்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்றேன், அப்பாவும் விட்டுவிட்டார். நீதான் ஷேவ் பண்ண முடியவில்லை என்று போன வாரம் துணியை எடுத்துவிட்டாய். பேசினைக் கழுவப் போனேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. நீ டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் எந்த அம்மா பேசின் கழுவுவாள்? நீ பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பாத்ரூம் வாசலில் சாய்ந்து நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோணத்தில் அவர் முகம் தெரிந்திருக்காது, உன் முகம் மட்டும் தெரிந்திருக்கும், கல்யாணமான புதிதில் அவருக்கு இருந்த அதே முகம். நீ கவரால் யூனிஃபார்மைப் போட்டுக்கொள்ள அறைக்குப் போனதும் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துவந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்த்துப் பல வருஷமாகிறது. "ஏம்மா, இன்னிக்கு அவர் இல்ல. நான் இருந்தேன்" என்றார். "நீங்களா?" என்றேன். "நான்தான். என்னை எனக்குத் தெரியாதா" என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தி, "எனக்கு வாயில ரத்தம் வருது" என்றார். விரலை வாய்க்குள் விட்டு ஈறெல்லாம் தடவி, எடுத்துப் பார்த்தார். பல் இல்லாத வாய், விரலில் ஒன்றும் இல்லை. என்னிடம் நீட்டிக் காட்டினார். "இங்க இல்ல. அங்க இருக்கு" என்று பாத்ரூமைக் காட்டினார். அதன்பின் அவர் சொன்னதை அவர் வாயால் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. "இது ஷட்டவுன் வரைக்கும் தாங்காதும்மா. இப்பவே காட்டணும்." அப்போதுதான் நான் பேசினைப் பார்க்கப் போனேன். அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. வெளியே வந்தால் நீ குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருக்கிறாய், ஷட்டவுன் முடியட்டும் என்கிறாய்.

வரப்போகிற பெண் நல்லவள், வாயும் கொஞ்சம் நீளம். எனக்கு அதில் சந்தோஷம்தான். உன் தலையணை உறையை முதலில் பார்க்கப்போவது அவள்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபப்படாதே, அவள் மூக்கு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படு. அவள் திருப்பிக்கொள்வதை நிறுத்தினால் பயப்படு. சண்டை போடுகிறவரைக்கும் வீடு நல்ல வீடு. வலிக்கவில்லை என்பதை ஒரு பதிலாக யாரிடமும் சொல்லாதே, அப்பாவுக்கு ஒரு நாளும் வலித்ததே இல்லை. எனக்கு இப்போது பயமாக இருக்கிறது தம்பி. உனக்கு அந்த மறதி வரும் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கக்கூட மனசு ஒப்பவில்லை. ஆனால் நீ கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் உன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த நாகர்கோவில் டாக்டரிடம் உன் பெயரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன், வியாழக்கிழமை சாயங்காலம், உனக்கு ஆஃப். இப்போதே ஆரம்பித்தால் நீ கல்யாணத்துக்குக் கிளம்புவதற்குள் முடித்துவிடலாம் என்றார். சொல்லிக்கொள்ளாமல் செய்ததற்குக் கோபம் வந்தால் ஊருக்கு வந்து கத்திக்கொள். அப்பா சாப்பிட்டாரா என்பதை மறக்கிறார், என் பெயரை மறந்தாகிவிட்டது, நீ கவரால் போட்டு வந்தால் சார் என்று எழுந்து நிற்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து தினமும் காலையில் கண் திறந்ததும் என்னிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்கிறார். "எனக்கு வாயைக் காட்டியாச்சா?" ஊருக்குப் போனாலும் கேட்பார். காட்டியாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் அடங்கிவிடுவார். அவரிடம் நான் எத்தனையோ பொய் சொல்லிவிட்டேன், இதைச் சொல்வதா கஷ்டம். ஆனால் இதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஊருக்குப் போன் பண்ணு. அப்பாவை எழுப்பி உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் காத்திருப்பேன்.